ட்ரயல் பைக்கை விற்க வேண்டாம், மாமா

ஐந்தாம் நம்பர் லயம்,
பெல்மதுளை.
வெள்ளிக்கிழமை பின்னேரம்.

மதிப்புக்குரிய கந்தையா மாமா அவர்களுக்கு, அக்கா மகன் சுதாகரன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, அப்பா, அத்தை, நிரோஷா எல்லோரும் நல்ல சுகம். கட்டார் வெயிலில் நீங்களும் அதிகம் அலையாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். உங்கள் பைக் ஒன்றுதான் பதினொரு நாளாக முடியாமல் கிடந்தது. அதுவும் இன்று மத்தியானம் எழும்பிவிட்டது.

வொயிஸ் மெசேஜ் போடாமல் இவன் ஏன் கொப்பித் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறான் என்று கேட்பீர்கள். என் வொயிஸை நீங்கள் இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, பாதியிலேயே ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறீர்கள். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது.

விஷயம் இதுதான். ஓடாத பைக்கை வைத்து என்ன செய்வது, பார்ட்ஸுக்காவது போகட்டும் என்று மாவனல்லை கராஜ்காரர் ரிப்கானிடம் பேசி முடித்துவிட்டீர்களாம். அவர் லொறியோடு வரப்போகிறார் என்று அத்தை சொன்னார். கொடுக்க வேண்டாம். மூன்று வருடம் சாக்குப் போட்டு மூடிக் கிடந்த பைக்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை ஓட வைத்துக் காட்டுகிறேன் என்று கோயில் திருவிழாவில் அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னவன் நான். இந்த டிவிஷனில் மோட்டார் மெக்கானிக் கோர்ஸ் நாலாம் லெவல் வரைக்கும் முடித்தவன் நான் ஒருவன்தான். முடித்து எட்டு மாதம் ஆகிறது. இதுவரை என்னிடம் வேலைக்கு வந்தது இரண்டு சைக்கிளும் ஒரு பிரஷர் குக்கரும். உங்கள் பைக் பிணமாக லொறியில் ஏறுவதை லயத்துச் சனம் பார்த்தால், அதற்குப் பிறகு அந்தக் குக்கரும் வராது.

டூ-ஸ்ட்ரோக் இஞ்ஜினில் மர்மம் எதுவும் இல்லை மாமா. நெருப்பு, காற்று, பெட்ரோல், அமுக்கம். நாலும் இருந்தால் அது ஓடியே ஆக வேண்டும், ஓடவில்லை என்றால் நாலில் ஒன்று இல்லை. முதல் நாள் பழைய பெட்ரோலைக் கொட்டினேன், டேங்கைக் கழற்றி சவர்க்காரம் போட்டுக் கழுவி, வீட்டுப் பின்பக்கம் கவிழ்த்து வைத்தேன், கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டுகளை ஒவ்வொன்றாக ஊதி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மறுநாள் புதுப் பெட்ரோலில் முப்பத்திரண்டுக்கு ஒன்று ஒயில் கலந்து ஊற்றி உதைத்தேன். இரண்டு தடவை இருமியது. அதற்குப் பிறகு இருமலும் இல்லை. கார்புரேட்டர் நான் கழுவியது, ஆகவே பிழை அங்கே இருக்க முடியாது என்று அந்தப் பக்கத்தையே விட்டுவிட்டேன். புது பிளக் போட்டேன், நீல நெருப்பு வந்தது. அமுக்கம் பார்த்தேன், சரி. ரீட் வால்வைக் கழற்றினேன், சரி. கொயிலை மீட்டர் வைத்து அளந்தேன், சரி. எல்லாமே சரி, பைக் மட்டும் ஓடவில்லை. அம்மா கண்ணு பட்டிருச்சி என்று மிளகாய் சுற்றிப் போட்டார். அந்தப் புகையில் நான் தும்மினேன், பைக் தும்மவில்லை. உங்கள் மகள் நிரோஷா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கல்லில் உட்கார்ந்துகொண்டு உதைகளை எண்ணுவாள்.

"எழுவத்தி நாலு, மச்சான். கால மாத்துங்க. அந்தக் காலு நாளைக்கும் வேணும்ல."

நீங்கள் அவளைக் கொஞ்சம் கண்டிக்க வேண்டும்.

ஆறாம் நாள் தோட்டத்து ட்ராக்டர் ஓட்டுகிற ஸ்ரான்லி அண்ணன் வந்தார். "என்னடா தம்பி, இஞ்ஜின பூரா கழட்டி சாமான் கடை போட்டிருக்க. இறக்கத்துல தள்ளி கியர்ல போட்டா தன்னால புடிக்கும்" என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் ஏற்கனவே நாலு பேரைக் கூட்டி வந்திருந்தார். ஸ்டோர் ரோட்டு இறக்கத்தில் தள்ளிவிட்டார்கள். இரண்டாம் கியரில் கிளச்சை விட்டேன், பிடிக்கவில்லை, மூன்றாம் கியரில் விட்டேன், பிடிக்கவில்லை, பிரேக்கை மிதித்தேன், அதுவும் பிடிக்கவில்லை. அங்கே பெரட்டுக்களத்தில் காலைப் பெரட்டு நடந்துகொண்டிருந்தது. வேலைக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நின்றவர்களுக்கும் துரைக்கும் நடுவால், ஒரு சத்தமும் இல்லாமல், தலைக்கவசத்தோடு நான் போனேன். ரப்பர்க் கன்று மேடையில் முட்டித்தான் நின்றேன். துரை ஒன்றும் ஏசவில்லை. என்னைப் பார்த்தார், பின்னால் ஓடிவந்த ஸ்ரான்லி அண்ணனைப் பார்த்தார்.

"மொக்கத மே?" என்ன இது என்று சிங்களத்தில் கேட்டார்.

"டெஸ்ட் எகக், சேர்" என்றார் ஸ்ரான்லி அண்ணன்.

அன்றிலிருந்து என்னைக் கண்டால் சின்னப் பிள்ளைகள் முதற்கொண்டு "டெஸ்ட் போகுது" என்கிறார்கள்.

இன்று காலை மறுபடி பிளக்கைக் கழற்றினேன். அவ்வளவு உதைக்குப் பிறகும் வறுத்த கடலை போலக் காய்ந்திருந்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான் இருந்தது. அன்று அதைப் பார்த்து, நல்லவேளை பெட்ரோல் மூழ்கவில்லை என்று சந்தோஷப்பட்டேன். உண்மையில் பெட்ரோலே வரவில்லை. இது முதல் மாதப் பாடம், நான் அன்று லீவு இல்லை. டேங்கிலிருந்து வருகிற குழாயைப் பிடுங்கிவிட்டு, பெட்ரோல் டெப்பைத் திறந்தேன். ஒரு சொட்டு வந்தது. அந்தச் சொட்டுக்குப் பின்னால் ஒரு நூல் வந்தது. இழுத்தேன், நீண்டது. விட்டேன், சுருங்கியது. உலகத்தில் எந்தப் பெட்ரோலும் சுருங்காது மாமா. டேங்குக்குள் விரலை விட்டால் உள்ளே ஜெல்லி போல ஒன்று ஊதிப்போய் ஓட்டையை மூடிக்கொண்டு இருந்தது. முகர்ந்து பார்த்தேன். நம் வீட்டு வாசம்.

எது ஒழுகினாலும் அப்பா ரப்பர்ப் பால் பூசுவார் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்யாணத்தன்று காலையில் உங்கள் சப்பாத்துக்குப் பூசியதும் அவர்தான். பால் வெட்டிவிட்டு வாளியோடு வந்தவரை வழியிலேயே மறித்தேன்.

"அப்பா, டேங்குல பால் பூசினீங்களா?"

"ஆமா. மொத நாளு நீ கழுவி கவுத்து வச்சிருந்தியே, மூலையில தண்ணி கசிஞ்சிச்சி. உள்ளயும் வெளியயும் மூணு கோட்டு குடுத்தேன்."

"அதுல பெட்ரோல் ஊத்துறது. ரப்பர் பெட்ரோல்ல கரஞ்சிரும்னு தெரியாதா?"

"யாருக்கு? இருவத்தெட்டு வருஷமா ரப்பர் வெட்டுற எனக்கா? பெட்ரோல் டேங்குன்னு யாரு சொன்னா? வெள்ள பிளாஸ்டிக்கு, நடுவுல முதுகுக்கு பள்ளம். மருந்தடிக்கிற டேங்குன்னுல்ல நெனச்சேன். தோட்டத்து சாமான கொண்டாந்து வச்சிருக்கான், ஒழுகுதுன்னு ஐயாமாரு ஏசுவாங்களேன்னு அடைச்சி வச்சேன்."

"பதினோரு நாளா பாக்குறீங்க. ஒரு வார்த்த சொல்லலயே."

"நீ கேக்கலயே. நீ இஞ்ஜினுக்குள்ளல்ல தலைய விட்டுக்கிட்டு இருந்த." வாளியை இறக்கி வைத்துவிட்டு அவரே கேட்டார்: "அது கெடக்கட்டும். ஒழுகிச்சா?"

"ஒழுகல."

"அப்ப?"

நாலாம் லெவல் முடித்தவன் டேங்கைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று மணித்தியாலம் சுரண்டினேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எந்த இடத்தில் எத்தனை கோட்டு என்று காட்டித் தந்தார். அவர் காட்டாவிட்டால் மூலையில் இருந்தது எனக்குத் தெரிந்திராது, அதையும் எழுதிவிடுகிறேன். ஜெட்டுகளைத் திரும்பக் கழுவி, டெப்புக்குப் புது வாஷர் போட்டுப் பூட்டினேன். மத்தியானம் சரியாக ஒரு மணிக்கு மூன்றாவது உதை. பிடித்தது மாமா. நீலப் புகையில் லயம் காணாமல் போய்விட்டது. அத்தை கொடியில் போட்ட துணிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்தச் சத்தம் மேல் டிவிஷன் வரைக்கும் கேட்டதாம். ஸ்ரான்லி அண்ணன் ட்ராக்டரை நிறுத்திவிட்டு இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நிரோஷா எண்ணுவதற்கு மூன்றுக்கு மேல் கிடைக்கவில்லை. அப்பா மட்டும் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் போய், "நம்ம பையன்தான், நம்ம பையன்தான்" என்று, அவர்களுக்குத் தெரியாதது போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே, ஓடுகிற பைக்கைப் பார்ட்ஸுக்குக் கொடுப்பது முட்டாள்தனம். நேரே சொல்வதற்கு மன்னிக்கவும். ரிப்கானுக்கு இன்றே போனில் ஒரு கோல் எடுத்து, வர வேண்டாம் என்று சொல்லுங்கள். பைக் இங்கே நிற்கட்டும். அது ஓடுகிற வரைக்கும் எனக்கு வேறு விளம்பரப் பலகை தேவையில்லை.

அம்மா உங்களுக்கு அன்பும், மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்லி ஒரு அதட்டலும் அனுப்புகிறார். அப்பா விசாரித்தார். அம்மன் உங்களையும் உங்கள் வேலையையும் காப்பாற்றட்டும். உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும், ஆனால் முதலில் அந்தக் கோல்.

இப்படிக்கு,
மருமகன்,
ந. சுதாகரன்

பி.கு. சனிக்கிழமை, காலை பத்து மணி. படம் பிடித்து அனுப்புவதற்கு முன்பே ரிப்கான் வந்துவிட்டார். பைக் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு லொறியை விட்டு இறங்காமலே, "யாரு செஞ்ச வேல இது?" என்று கேட்டார். பால் கதையைச் சொன்னேன். சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு, "தம்பி, இதப் போல இன்னும் ஆறு ஈக்கிது எங்கட கராஜுல, ஒண்டும் ஸ்டார்ட் ஆகுதில்ல. நீங்க வாங்களே, இண்டைக்கே வாங்க" என்றார். அதனால் மேலே எழுதியதை விட்டுவிட்டு, பைக்கை விற்றுவிடுங்கள். நானும் அதே லொறியில் போகிறேன், அம்மா பை கட்டிவிட்டார். பலகை போட்டு, பைக்கை நானே ஓட்டி லொறியில் ஏற்றினேன். லயமே கைதட்டியது. உள்ளே போனதும் நின்றுவிட்டது. நானாக நிறுத்தினேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், ரிப்கான் உட்பட. சத்தம் வராமல் இரண்டு தடவை மிதித்துப் பார்த்தேன். பிடிக்கவில்லை. பைக் சாயாமல் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லி லொறியின் பின்னால் ஏறியிருக்கிறேன், ஸ்பேனர் கையில் இருக்கிறது. மாவனல்லைக்கு மூன்றரை மணித்தியாலம். கேகாலை தாண்டுவதற்குள் பிழையைக் கண்டுபிடித்துவிடுவேன்.