பூட்டுக்குப் பின்னால் எலி

ரொட்டிக்கடைக்காரர் கைபேசியை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். சந்தேகமே இல்லை. செய்தித் தளத்தில் இருந்தது அவருடைய கடையின் படம்தான். அதற்கு மேலே தலைப்பு: ‘ரொட்டிக்கடைகளில் எலி: சோதனையில் அதிர்ச்சி’. கீழே இரண்டு வரிகள். அப்புறம் ஒரு பூட்டு. ‘மேலும் படிக்கச் சந்தா செலுத்துங்கள்.’

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“சந்தா கட்டிப் படிச்சிடுங்களேன்,” என்றாள் மனைவி.

“நம்ம மானத்தை வாங்கினவனுக்கு நாமளே காசு குடுக்கணுமாக்கா?” என்று குறுக்கே விழுந்தான் அவள் தம்பி. அவனுக்குக் கணினி நன்றாகத் தெரியும் என்று அவனே சொல்லிக்கொள்வான். “குடுங்க மாமா, நான் உடைக்கிறேன்.”

உலாவியில் ‘இன்காக்னிட்டோ’ என்கிற ரகசியச் சன்னலில் திறந்தான். பூட்டும் கூடவே வந்தது. பக்கம் முழுதாக வருவதற்குள் நெட்டை அணைத்தான். பூட்டு வரவில்லை, செய்தியும் வரவில்லை. கடையின் படம் மட்டும் திரை முழுக்க நின்றது.

“இங்க பாருங்க மாமா. நிறைய பேருக்கு அனுப்பினா இலவசமாப் படிக்கலாமாம்.”

“நிறைய பேருக்கு நான் எங்கடா போவேன்?”

“நம்ம வாடிக்கையாளர் குழு இருக்கே.”

அவர் கையைப் பிடிப்பதற்குள் அனுப்பிவிட்டான். தளம் பணிவாகப் பதில் சொன்னது: ‘நன்றி. இந்தச் சலுகை நேற்றோடு முடிந்தது.’

குழு விழித்துக்கொண்டது.

“நேத்து வாங்கின பன்னுல கறுப்பா ஏதோ இருந்துச்சே?”

“அது திராட்சைங்க,” என்று எழுதினார் கடைக்காரர்.

“திராட்சைதான்னு நீங்க பாத்தீங்களா?”

கேக்கு சொல்லியிருந்தவர்கள் வரிசையாக வேண்டாம் என்றார்கள்.

“ஒரு மன்னிப்புக் கேட்டுட்டா அடங்கிடுவாங்க,” என்ற மச்சினன், கேட்டும்விட்டான்: ‘நடந்ததற்கு வருந்துகிறோம். இனி எங்கள் கடையில் எலி வராது.’

“அப்போ இதுவரைக்கும் வந்துட்டிருந்துச்சாடா?” என்றாள் அக்கா, தலையில் கைவைத்து.

மதியம்வரை ஒரு ரொட்டிகூட நகரவில்லை. அடுப்படி ஆள் மாவு படிந்த கையோடு எட்டிப் பார்த்தார். “நாளைக்கு மாவு பிசையணுமா முதலாளி?”

அந்த அடுப்பை நம்பி அவர் வீட்டிலும் உலை வைக்கிறார்கள். கடைக்காரர் கண்ணை மூடிக் கடவுளைக் கூப்பிட்டார்.

“எப்பவும் போல ஒரு ரொட்டி குடுங்க,” என்றது ஒரு குரல். கண்ணைத் திறந்தார். அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்சம்மா, கையில் பையுடன்.

“நீங்க குழுவைப் பாக்கலையாம்மா?”

“பாத்துட்டுத்தான் வர்றேன். நீங்க எதுக்கு மன்னிப்புக் கேட்டீங்கன்னு எனக்குப் புரியவே இல்ல.”

“செய்தியில நம்ம கடைப் படத்தைப் போட்டிருக்காங்களேம்மா.”

நர்சம்மா பையை மேசைமேல் வைத்தார்.

“நான் சந்தா கட்டிப் படிக்கிறவ. எலி ஓடுற கடைங்க பேரெல்லாம் பூட்டுக்கு உள்ள இருக்கு. உங்க கடைப் படத்தைப் போட்டது, ‘கடைன்னா இவ்வளவு சுத்தமா இருக்கணும்’னு காட்டறதுக்கு.”