நெற்றியில் கருவி ஒட்டும் நல்லவர்

ஊருக்கு ஒரு தலைவலி நிபுணர் இருப்பார், கவனித்திருக்கிறீர்களா? டாக்டரைச் சொல்லவில்லை. தன் தலைவலி தீர்ந்துவிட்டது என்ற ஒரே தகுதியில் ஊரில் உள்ள அத்தனை தலைகளையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறாரே, அவரைச் சொல்கிறேன். அமெரிக்காவில், மினசோட்டாவில் உள்ள எங்கள் ஊரில் அவர் பெயர் வெர்லின். என் பக்கத்து வீட்டுக்காரர்.

வெர்லினுக்கு வருஷக்கணக்காக ஒற்றைத் தலைவலி. டாக்டர் ஒரு கருவி எழுதிக் கொடுத்தார். நெற்றியில் ஒட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினால் மெல்லிய மின்சாரம் நரம்பைக் கிள்ளும். மாத்திரை வேண்டாம், தூக்கக் கலக்கம் இல்லை. இவருக்கு நன்றாகவே கேட்டது. சந்தோஷம். அத்தோடு விட்டாரா?

தேவாலயத்தில் பிரசங்கம் முடிந்து காப்பி குடிக்கக் கீழ்த்தளத்துக்கு இறங்குகிறவர்களிடமும், உறைந்த ஏரிமேல் கொட்டகை போட்டு மீனுக்குக் காத்திருக்கிறவர்களிடமும், வாசலில் பனியைத் தள்ளிவிட்டு நிமிரும்போது தெரியாத்தனமாக நெற்றியைத் தொட்டுத் தொலைத்த என்னிடமும், சட்டைப்பையிலிருந்து அதை உருவிக்கொண்டு வந்து நிற்பார்.

"தலைவலியா?"

"இல்லப்பா, வேர்வை."

"எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. ஒட்டிப் பாரேன்."

மறுக்கலாமே என்பீர்கள். எங்கள் ஊர் உங்களுக்குத் தெரியாது. இங்கே ஒரு துண்டு கேக் கொடுத்தால்கூட இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது தடவை வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. வெர்லின் மூன்றாவது தடவையும் கேட்பவர். ஒட்டிக்கொண்ட பிறகு "பரவாயில்லப்பா, குறைஞ்சிருக்கு" என்று சொல்லாவிட்டால் அவர் மனம் நோகும். எல்லாரும் சொன்னோம். பாதிரியாருக்கு முழங்கால் வலி. அவரும் சொன்னார்.

இந்தக் கூத்தில் வசமாக மாட்டியவர் அவர் மனைவி ஆர்டிஸ். அவருக்கும் ஒற்றைத் தலைவலிதான், ஆனால் வேறு ரகம். வந்துவிட்டால் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, காப்பி வாசனைகூட ஆகாது. அந்தக் கிள்ளல் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான். ஆனாலும் அவர் எங்கள் ஊர்ப் பெண்மணி அல்லவா? "குறைஞ்ச மாதிரி இருக்கு" என்பார். கணவர் அந்தப் பக்கம் போனதும் துணி துவைக்கிற அறைக்குள் புகுந்து, டாக்டர் எழுதிய மாத்திரையைப் போட்டுக்கொள்வார். அந்த மாத்திரைதான் அவருக்கு உயிர்.

போன மாதம் டாக்டர் ஹேகனிடம் ஆர்டிஸ் போனபோது வெர்லினும் கூடப் போனார். நோயாளியை முந்திக்கொண்டு பேசுவதுதானே இந்த இனத்தின் லட்சணம்?

"மாத்திரையை நிறுத்திடலாம் டாக்டர். இவளுக்குக் கருவியே போதும். இவளே சொல்லுவா, கேளுங்க."

டாக்டர் அந்தம்மா பக்கம் திரும்பினார். "நிறுத்திடலாமா ஆர்டிஸ்?"

ஆர்டிஸ் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாராம். மரியாதை ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம்.

"வேண்டாம் டாக்டர். எனக்கு அந்தக் கருவி ஒரு தடவகூட கேட்கல."

"குறைஞ்சிருக்குன்னு சொன்னியே?" என்றார் வெர்லின்.

"நீ ஆசை ஆசையா ஒட்டுற. மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? நான் ஒளிஞ்சு ஒளிஞ்சுல்ல மாத்திரை போட்டுக்கிறேன், வெர்லின்."

"சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. மாத்திரை தொடரட்டும்" என்று டாக்டர் எழுதிவிட்டார்.

காரில் ஏறி வீட்டுக்குக் கிளம்பினார்கள். பிறகு வெர்லின் மெல்ல, "அப்ப, உனக்கு எப்படித்தான் வலிக்கும்?" என்றாராம். கல்யாணமாகி முதல் தடவையாக அதைக் கேட்டார் என்று ஆர்டிஸ் என்னிடம் சொன்னார். வீடு வரும்வரை அந்தம்மா சொல்லிக்கொண்டே வந்தார். மனுஷன் கேட்டுக்கொண்டே வந்தார். நடுவில் ஒரே ஒரு தடவை கை சட்டைப்பைக்குப் போனதாம். மனைவி பார்த்த பார்வையில் மறுபடி ஸ்டியரிங்குக்கே வந்துவிட்டதாம்.

இப்படியும் ஒரு மனுஷன் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மறைக்காமல் ஒன்று சொல்லுங்கள். ஆர்டிஸுக்கு வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது என்று நான் சொன்னேனே, அப்போது "ஐயோ பாவம்" என்று நினைத்தீர்களா, இல்லை "சுக்கை உரசிப் பற்றுப் போட்டால் பட்டென்று விட்டுவிடுமே, அந்தம்மாவுக்கு யாராவது சொல்லக்கூடாதா" என்று நினைத்தீர்களா?