தாலாட்டின் உரிமையாளர்

"இந்தக் கருவியில் இப்பாடலைக் கேட்க உங்களுக்கு அனுமதி இல்லை" என்றது போன்.

மேனேஜர் அதை மறுபடியும் படித்தார். ஆபீசில் அனுமதி கொடுப்பவரும் அவரே, மறுப்பவரும் அவரே. லீவு கேட்டு வருகிறவர்களை நிற்கவைத்தே பேசுவார். அப்பேர்ப்பட்டவருக்கு அனுமதி இல்லையாம். அதுவும் காசு கொடுத்து வாங்கிய தாலாட்டுக்கு!

தோளில் கிடந்த கைக்குழந்தை சிணுங்கினாள். உள்ளறையில் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவெல்லாம் டியூட்டி பார்த்துவிட்டு வந்தவள், சாயங்காலம் மறுபடி ஓட வேண்டும்.

"உங்களை நம்பித் தூங்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் படுத்தாள்.

"தாராளமா தூங்கு. பாப்பாவைத் தூங்கவைக்கிறதெல்லாம் எனக்கு ஒரு வேலையா?"

வெறும் வாய்ச்சவடால் இல்லை. ஞாயிறு மதியம் மகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அந்தத் தாலாட்டை ஓடவிடுவார். இரண்டாம் சரணம் எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது. அதற்குள் காரியம் முடிந்திருக்கும். 'குழந்தை வளர்ப்பும் ஒரு நிர்வாகமே' என்று ஆபீசில் ஒரு சிற்றுரையே ஆற்றியிருக்கிறார்.

அவர் செய்த ஒரே குற்றம், நேற்று புது போன் வாங்கியது.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு, ரகசியம் பேசுகிறவர் போலக் கிசுகிசுத்தார்.

"சார், கொஞ்சம் சத்தமா பேசுங்க" என்றாள் அந்தப் பெண்.

"முடியாதும்மா. வீட்ல தூங்கறாங்க."

"குழந்தை அழற சத்தம் கேக்குதே சார்?"

"அதுக்குத்தாம்மா அந்தப் பாட்டே! காசு கொடுத்து வாங்கின என் பாட்டு."

"பாட்டு உங்களுது இல்ல சார். கேக்கற உரிமைதான் உங்களுது. அதுவும் பழைய போன்ல மட்டும்."

"பழசைக் கடைக்காரன்கிட்ட கொடுத்துட்டுத்தானே புதுசு வாங்கினேன்!"

"அப்ப கடைக்காரர் கேக்கலாம் சார்."

மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கிசுகிசுப்பில் எவ்வளவுதான் கோபப்பட முடியும்? அவள் சொன்னபடி 'எல்லாக் கருவிகளையும் நீக்கு' என்பதை அமுக்கினார். கணக்கிலிருந்து பழைய போன் போயிற்று. கூடவே டிவியும் போயிற்று, கையிலிருந்த புது போனும் போயிற்று. அதைத் திரும்பச் சேர்க்க ஒரு ரகசிய எண் வரும் என்றாள்.

வந்தது. உள்ளறையில், மனைவியின் தலையணைக்கு அடியில் 'டிங்' என்றது. கணக்குத் தொடங்கியபோது கொடுத்தது அவள் நம்பர்.

மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பூனை போல உள்ளே போனார். தலையணைக்கு அடியில் கைவிட்ட நேரம் பார்த்து, மகள் அம்மாவின் கூந்தலை எட்டிப் பிடித்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்து, எண்ணைப் படித்து, வெளியே வந்து தட்டினால், காலாவதி.

"பரவாயில்ல சார். குரல் சரிபார்ப்பு இருக்கு. திரையில வர்றதைப் படிங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

திரையில் வந்தது: 'இப்பாடலின் உரிமம் பெற்றவன் நானே' என உரக்கச் சொல்லவும்.

மெல்லச் சொன்னார். 'ஒலி போதவில்லை.'

பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். 'எதிரொலி உள்ளது.'

பால்கனிக்குப் போனார். இப்போது மகள் முழுத் தொண்டையில் அழுதாள். 'வேறொருவர் குரல் கலந்துள்ளது.'

மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. மகள் மூச்சு வாங்கிய இடைவெளியில், தெருவே அதிரக் கத்தினார்: "இப்பாடலின் உரிமம் பெற்றவன் நானே!"

கீழே நடந்துபோனவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு நாய் குரைத்தது. போன் பணிவாகச் சொன்னது: 'சரிபார்க்கப்பட்டது. இரண்டு வேலை நாட்களில் பாடலைக் கேட்கலாம்.'

முதுகுக்குப் பின்னால் மனைவி கண் சிவந்து நின்றாள்.

"ஏங்க, என்னங்க ஆச்சு?"

மேனேஜர் மிடுக்கெல்லாம் இறங்கிப்போய், அப்பா மட்டும் மிஞ்சினார். "மன்னிச்சுடும்மா. உன்னைத் தூங்கச் சொல்லிட்டு நானே எழுப்பிட்டேன். என்ன செய்யறதுன்னே தெரியல. அந்தப் பாட்டு இல்லாம இவ தூங்க மாட்டா."

"யார் சொன்னா?"

கேட்டது பக்கத்து பால்கனி. அடுத்த வீட்டுத் தையற்காரம்மா, கழுத்தில் அளவு டேப்போடு வெளியே வந்து நின்றாள்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே சார் என் மெஷின்? வாராவாரம் கேக்கறேன். பாட்டு போட்டா பாப்பா இன்னும் ஜாஸ்தியாத்தான் அழுவா. பாட்டைக் கேட்டுத் தூங்கறது நீங்க; உங்க குறட்டையைக் கேட்டுத்தான் பாப்பா தூங்குவா."