பிடித்த இடத்தை விடாத பெரியம்மா

ரயிலில் இடம் பிடிப்பதில் என்னை வெல்ல ஆளில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. (சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.) தீபாவளிக் காலத்தில் கிளிநொச்சி ஸ்டேசனில் ரயில் நிற்பதற்கு முன்பே என் பை யன்னலால் உள்ளே போய்விடும். பை போன சீற் என் சீற். அதில் வேறு யாராவது இருந்தால் மிச்சத்தை என் வாய் பார்த்துக்கொள்ளும். எங்கள் ஊர் ஸ்கந்தபுரத்துச் சனம் கொழும்புக்கு என்னோடு சேர்ந்து போக விரும்புவதே அதற்காகத்தான்.

இந்தத் திறமையை ஜேர்மனிவரை கொண்டுபோனதுதான் வினை.

அங்கே இருக்கிற என் தங்கச்சி வசந்தியின் மகள் மதுரா, லூக்காஸ் என்ற ஜேர்மன் பெடியனை விரும்பிவிட்டாள். நெல்லு வெட்டு முடிந்த கையோடு என் மனிசன் என்னை விமானம் ஏற்றினார். "போய் ஆக்கள் எப்பிடியெண்டு பார். நீ ஓமெண்டால் எல்லாருக்கும் ஓம்" என்றார். குடும்பத்தில் மூத்தவள் நான் அல்லவா! பெடியனின் தாய் ஹெல்காவையும் தகப்பனையும் முதன்முதலாகச் சந்திக்க ஒரு சனிக்கிழமை குறித்தார்கள். எல்லோருமாக ரயிலில் றைன் நதிக்கரைப் பட்டணம் ஒன்றுக்குப் போய், மத்தியானம் சாப்பிட்டு, கப்பலில் ஒரு சுற்றுச் சுற்றி வருவதாக ஏற்பாடு.

வெளிக்கிடும்போதே வசந்தி கையெடுத்துக் கும்பிட்டாள். "அக்கா, அவையள் அமைதியான ஆக்கள். இண்டைக்கு அவையளுக்கு எங்களைப் பிடிக்கோணும். கொஞ்சம் அடங்கி இரு."

"ஏன், நான் என்ன கடிச்சுத் தின்னப் போறனோ?" என்றேன்.

ஸ்டேசனில் சரியான சனம். ஹெல்கா குடும்பமும் அங்கே வந்து சேர்ந்திருந்தது. ரயில் வந்ததும் எனக்குள் கிளிநொச்சி எழும்பிவிட்டது. "அக்கா, நில்!" என்று வசந்தி கத்தியது காதில் விழத்தான் செய்தது. யார் நின்றது? சனத்தை இடித்துக்கொண்டு முன்பெட்டிக்கு ஓடினேன். (அந்த ரயிலின் யன்னல் திறக்காது. அதனால் பையோடு நானும் உள்ளே போக வேண்டியதாயிற்று.) ஒரு சீற்றில் பை, ஒன்றில் குடை, ஒன்றில் குளிர்ச்சட்டை, ஒன்றில் நான்.

திரும்பிப் பார்த்தால் ஹெல்காவும் அவவின் மனிசனும் மூச்சிரைக்க ஓடி வருகிறார்கள். அடேயப்பா, நல்ல சுறுசுறுப்பான சம்பந்திகள் என்று நினைத்தேன். ஹெல்கா பின்பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னா. நான் பிடித்த சீற்றில் இருக்கக் கூச்சப்படுகிறா என்று விளங்கிக்கொண்டேன். எங்கள் ஊரில் விருந்தாளி "வேண்டாம், வேண்டாம்" என்றுதான் சொல்லுவார். அதைக் கேட்டு நாங்கள் சும்மா இருந்தால் நாளைக்கு ஊரே கதைக்கும். "இருங்கோ சம்பந்தி, இருங்கோ!" என்று அவவின் கையைப் பிடித்து, தோளை அமத்தி இருத்தினேன். மனிசன் வாயைத் திறந்தார். "நீங்களும் இருங்கோ!" கதவு மூடிக்கொண்டது.

வழியில் ஒரு பெரிய ஸ்டேசனில் ரயில் கனநேரம் நின்றது. இருவரும் எழும்பி, என் பையையும் தூக்கிக்கொண்டு, இறங்கும்படி கையைக் காட்டினார்கள். தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடுகிறார்கள் போலும்! பிடித்த இடத்தை விட்டுவிட்டு இறங்க நான் என்ன விசரியா? பையைப் பறித்து மடியில் வைத்துக்கொண்டு "இருங்கோ!" என்றேன். அவர்கள் கதவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். பிறகு திரும்பி வந்து இருந்தார்கள்.

ரயில் வெளிக்கிட்டதும் போன் அடித்தது.

"அக்கா, எங்கை நிக்கிறாய்?"

"ரெயினுக்குள்ளதான். உங்களுக்கும் இடம் கிடக்கு, வாங்கோ."

"ஐயோ, எப்பிடி வாறது? ரெயினை ரெண்டாக் கழட்டிப்போட்டாங்கள். பின்பாதிதான் ஆத்தங்கரைக்குப் போகுது. உன்ரை பாதி வேறை எங்கையோ போகுது! அதைச் சொல்லத்தானே அவையள் உனக்குப் பின்னால ஓடி வந்தவை!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் நினைத்திருந்தால் இறங்கி மகனோடு போயிருக்கலாம். பாஷை தெரியாத இந்த விசர் மனுஷியைத் தனியே விட மனமில்லாமல்தான் திரும்பி வந்து இருந்திருக்கிறார்கள். வெட்கம் ஒருபக்கம், அழுகை ஒருபக்கம்.

அடுத்து வந்த சின்ன ஸ்டேசனில் இறங்கினோம். ஆறும் இல்லை, கடையும் இல்லை, இருக்க ஒரு வாங்கு மட்டும் இருந்தது. திரும்பிப் போகும் ரயில் வரும்வரைக்கும் நான் கட்டிக்கொண்டு போன புட்டையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் அவிழ்த்தேன். (ரயில் பயணத்துக்குச் சாப்பாடு கட்டாமல் யார் போவார்கள்?) ஹெல்கா உறைப்பில் மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டா. மனிசன் சாப்பாட்டுப் பெட்டியை விரலால் வழித்தார்.

ஒருவழியாக நதிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது கப்பலும் போய்விட்டது, மத்தியானமும் போய்விட்டது.

"என்ரை மானத்தை வாங்கிப்போட்டியே!" என்று வசந்தி பாய்ந்தாள்.

ஹெல்கா குறுக்கே வந்து என்னை அணைத்துக்கொண்டு என்னவோ சொன்னா. மதுரா சிரித்தபடி தமிழில் சொன்னாள்: "பெரியம்மா, பிடிச்ச கையை விடாத சொந்தம் தனக்கு நல்ல விருப்பமாம். ஆனா இனி இடம் பிடிக்கிறது தன்ரை வேலையாம்."

அன்று பின்னேரம் என் மனிசன் போனில், "ஆக்கள் எப்பிடி?" என்று கேட்டார்.

"என்னை விட்டிட்டு இறங்கேல்லை. பேந்தென்ன, கலியாணத்துக்கு நாளைப் பாருங்கோ" என்றேன்.

கலியாணம் நடந்து இப்போது பேரனும் பிறந்துவிட்டான். ஹெல்காவுக்குத் தெரிந்த ஒரே தமிழ் "இருங்கோ". சாப்பாட்டு மேசையில் யாராவது பாதியில் எழும்பினால், தோளை அமத்தி அதைத்தான் சொல்லுவாவாம். வசந்தி பேரனுக்கு "அம்மா", "அம்மம்மா" என்று மாய்ந்து மாய்ந்து பழக்கினாள். அவன் வாயில் முதலில் வந்த தமிழோ, ஜேர்மன் அப்பம்மாவிடம் பிடித்த "இருங்கோ"தான். அதையும் வீட்டு நாயைப் பார்த்து, அத்தனை மரியாதையாகச் சொல்லியிருக்கிறான்.

நாயும் உடனே இருந்ததாம்.