கப்பியில் இறங்கிய பி.காம்.

எலும்பு முறிந்தது என்றால் ஊரே பதறும். குதிகால் தசைநார் அறுந்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள், "அது எங்க இருக்கு?" என்று கேட்பார்கள். விளக்கிச் சொன்னாலும், "எலும்புக்கு ஒண்ணும் இல்லல்லா, பொறவு என்ன?" என்று எழுந்து போய்விடுவார்கள்.

எனக்கு அது அறுந்தது மும்பை சயான் ஸ்டேஷனில், கிளம்பிவிட்ட ரயிலைத் துரத்தும்போது. பின்னாலிருந்து யாரோ குதிகாலில் ஓங்கி உதைத்ததுபோல 'டப்'பென்று ஒரு சத்தம். திரும்பினால், வெந்தயக்கீரைக் கட்டோடு ஒரு அம்மாள். அவர்தான் உதைத்தார் என்று முடிவுகட்டி, எனக்குத் தெரிந்த இந்தியையெல்லாம் திரட்டித் திட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதெல்லாம் இருக்கட்டும், நீ ஏன் தரையில் உட்கார்ந்திருக்கிறாய் என்றார். உட்கார்ந்திருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. (என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டதும் அந்தப் புண்ணியவதிதான்.)

அறுவை சிகிச்சை செய்து தசைநாரைத் தைத்து, முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டார்கள். தைத்த இடம் இழுபடக் கூடாது என்று பாதத்தைக் கீழ்நோக்கி வளைத்து, விரல் நுனி தரையைச் சுட்டும்படி கட்டியிருந்தார்கள். நாட்டியத்தின் நடுவில் கரண்டு போய் ஆடுகிறவள் அப்படியே உறைந்துவிட்ட தோற்றம். காலை ஊன்றக் கூடாது, நனைக்கக் கூடாது, தையல் விட்டால் மறுபடியும் ஆபரேஷன் என்றார் டாக்டர்.

எங்கள் வீடு தாராவியில் ஒரு மாடி அறை. ஏறி இறங்கச் சுவரோடு ஒட்டி நிற்கும் இரும்பு ஏணி; பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அப்பா என்னை முதுகில் சுமந்து ஏற்றினார். மேலே போனதும் நான் படுத்தேன். முதுகு பிடித்துக்கொண்டு அவரும் பக்கத்திலேயே படுத்தார்.

கட்டுப் பிரிக்கும் நாள் வருவதற்குள், ஐரோலியில் ஒரு பார்சல் கம்பெனியிலிருந்து கடைசி நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். (அம்மா என் டிகிரி சர்டிபிகேட்டை முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, அதற்கும் பத்தி காட்டுவார்.) எத்தனையோ இடத்தில் விண்ணப்பித்து, கடைசிவரை வந்த ஒரே வேலை இது. அழைத்த மேடத்திடம் காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பட்டதாரி சலுகை கேட்பதாவது! கட்டாயம் வருகிறேன் மேடம் என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டேன். ஏணி நினைவுக்கு வந்தது போனை வைத்த பிறகுதான்.

வழி சொன்னவர் தங்கராஜ் அண்ணாச்சி. எங்கள் அறைக்குக் கீழே அவருடைய பைப் பட்டறை. அப்பாவுக்கு வேலை அங்கேதான். மாடியில் எங்கள் அறையை ஒட்டி அவருடைய குடோன். அதன் வாசலில் ஒரு கப்பி தொங்கும். மூட்டைகள் கயிற்றில் ஏறுவதும் இறங்குவதும் அதில்தான்.

"தெனம் எம்புட்டு மூட்ட எறங்குது. ஒண்ணாவது விழுந்திருக்கா?" என்றார் அண்ணாச்சி.

"மூட்டைக்கு வலிக்காது அண்ணாச்சி," என்றார் அம்மா. "இது பி.காம்."

ஆனால் வேறு வழியில்லை. நேர்காணலன்று காலை என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு சுற்றினார்கள். மடியில் சர்டிபிகேட் பை. புது வண்டிக்கு வைப்பதுபோல அம்மா மாவுக்கட்டில் சந்தனம், குங்குமம் வைத்து, சூடமும் காட்டினார். மேலே அண்ணாச்சியும் அவரிடம் வேலை செய்யும் ரம்ஜான் பாயும் கயிற்றைப் பிடித்தார்கள். முதுகு இன்னும் நிமிராத அப்பா கீழே நின்று உத்தரவு போட்டார்.

பாதி தூரம் ராஜபவனி மாதிரி இறங்கினேன். அதற்குள் சந்துக்குள் துணிக்கழிவு மூட்டைகளோடு ஒரு கைவண்டி நுழைந்து, சரியாக எனக்குக் கீழே நின்றது. முன்னால் போக, வழியில் நின்ற அப்பா விடவில்லை. பின்னால் போக இன்னொரு கைவண்டி விடவில்லை. ஆளாளுக்கு இந்தியிலும் தமிழிலும் சண்டை. நான் அந்தரத்தில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது போன் அடித்தது. சார் அவசரமாகப் புனே கிளம்புகிறார், நேர்காணலை இப்போதே வீடியோவில் வைத்துக்கொள்ளலாமா என்றார் மேடம். வந்துகொண்டிருக்கிறேன் மேடம், பரவாயில்லை, வைத்துக்கொள்ளலாம் என்றேன். (பொய்யில்லை. பாதி வழியில்தான் இருந்தேன்.)

போனை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்தேன். திரையில் வந்த சார் கண்ணாடியைச் சரிசெய்தபடி, ஏன் ஆடிக்கொண்டே இருக்கிறீர்கள் என்றார். காற்று சார் என்றேன். பிறகு தமிழிலேயே கேட்டார்: "ஒரு பார்சல் பாதி வழியில சிக்கிடுச்சு. கஸ்டமர் போன் பண்றார். என்ன சொல்வீங்க?"

இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பிரமாதமான பதில் மனப்பாடம் செய்திருந்தேன். அது வாயில் வருவதற்குள் கீழேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"ஏட்டி செல்வி, கால ஆட்டாத. நான் பிடிச்சிக்கிடுதேன்."

பார்த்தேன். நேராக நிற்கவே முடியாத மனிதர், இரண்டு கைகளையும் எனக்காக விரித்துக்கொண்டு நிற்கிறார். அந்த ஆங்கிலம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"உள்ளதச் சொல்லிருவேன் சார்," என்று போனைக் கீழே திருப்பினேன். குங்குமம் வைத்த மாவுக்கட்டு, கைவண்டி, அப்பா, சந்து முழுக்க ஜனம் எல்லாவற்றையும் காட்டினேன். ஜனம் கை அசைத்தது. பிறகு மேலே திருப்பினேன். பெரிய ஆபீசரைப் பார்த்த அண்ணாச்சி, மரியாதை தெரிந்தவர், கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் கும்பிட்டார்.

சர்ரென்று இறங்கினேன். ரம்ஜான் பாய் ஒற்றை ஆளாகக் கயிற்றில் தொங்கியதால் நாற்காலி வேகம் குறைந்து, துணி மூட்டைகளின் மேல் மெத்தென்று உட்கார்ந்தது. அப்பா என் காலை மட்டும் கோயில் தீபம்போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். தையலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சந்தனம்தான் அவர் சட்டையில் அப்பிக்கொண்டது.

போனுக்குள் சார் மறுபடியும் கண்ணாடியைச் சரிசெய்தார். பிறகு கேட்டார்: "டெலிவரி ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு சார்."

கட்டுப் பிரித்து, கால் ஊன்றிப் பழகிய பிறகு வேலையில் சேரச் சொன்னார்கள். இப்போது தினமும் அதே ஏணியில் இரண்டு காலாலும் இறங்கித்தான் ஐரோலி போகிறேன். நான் முதல் படியில் கால் வைத்ததுமே அப்பா பட்டறையிலிருந்து வெளியே வந்து, "ஹடோ ஹடோ, பார்சல் எறங்குது" என்று ஆளில்லாத சந்தில் வழி விலக்குவார். வேண்டாம்ப்பா, மானம் போகுது என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கேட்கமாட்டார். நான் தரையைத் தொடும்வரை கைகளை விரித்துக்கொண்டே நிற்பார். மேலேயிருந்து அம்மா கேட்பார்:

"டெலிவரி ஆயிட்டா?"

அப்பா பதில் சொன்ன பிறகுதான் நான் சந்துக்கு வெளியே போக முடியும்.