மஸ்கி அன்ரியும் மரத்தடி மீனும்

ரொறன்ரோத் தமிழர்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, இவர்களில் பெரிய பிடிவாதக்காரர் யார் என்று கேட்டால் மனிதர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். மீன்கள் யோசிக்காது. நேரே மஸ்கி அன்ரியைத்தான் காட்டிக்கொடுக்கும்.

அவருடைய உண்மையான பெயர் வேலை அட்டையில் மட்டும் இருக்கிறது. பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் நாங்கள் இருவரும் பெட்டி கட்டுகிறோம். மல்வேர்னில் இருந்து தன் வான் வண்டியில் வரும் அன்ரி, வெக்ஸ்போர்ட்டில் என்னை ஏற்றிக்கொள்வார். முதல் நாளே, "தம்பி, நிமிர்ந்து இராத" என்றார். மேலே பார்த்தேன். கூரைக்குக் குறுக்கே கயிறு கட்டி, அதில் முப்பது நாற்பது லூர்கள் தொங்கின. லூர் என்றால் மீனை ஏமாற்றும் பொய்யான இரை. ஒவ்வொன்றும் என் கையளவு நீளம், ஒவ்வொன்றிலும் மூன்று முனைக் கொளுக்கி. அன்ரி பிறேக் போடும்போதெல்லாம் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பி என் தலையை நோக்கி வரும். என் முடி கொட்டியதற்குப் பரம்பரைதான் காரணம் என்று என் மனைவி சொல்கிறாள். அவள் அந்த வானில் ஏறியதில்லை.

மஸ்கி என்பது இந்தப் பக்கத்து ஏரிகளில் வாழும், நீண்ட, வாய் நிறையப் பல் உள்ள, திமிர் பிடித்த மீன். நாள் முழுக்க லூரை எறிந்தாலும் வராது. வந்தாலும் படகுவரை பின்னால் வந்து, ஆளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். அகப்பட்டால் காயமில்லாமல் திருப்பி விட்டுவிடுவது என்று அன்ரி தீர்மானித்திருந்தார். விடுவதற்கு ஒரு மீன் வேண்டுமே? நான்கு கோடைகள் போயின, ஒன்றுகூட அகப்படவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அன்ரி மன்னார்ப் பக்கம் பேசாலையில், மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். தம்பி யூட் இன்னும் அங்கே கடலுக்குப் போகிறார். வாராவாரம் வீடியோவில் விசாரணை நடக்கும்.

"அக்கா, மீன் எங்க?"

"வரும்."

"நாலு வருசத்தில அப்பா எத்தனை வள்ளம் நிறைச்சிருப்பார்!"

"உது கடல்ச் சீலா மீன் இல்லையடா. மஸ்கி. யோசிக்கிற மீன்."

"அங்க மீன் மட்டும்தான் யோசிக்குது போல."

அன்ரி போனை வைத்துவிட்டு, அடுத்த லூரைப் பரிசோதிக்கப் போவார். பரிசோதனைக் கூடம், அவருடைய அப்பார்ட்மெண்டின் நீச்சல் குளம். ஒருநாள் குளக்கரையில் நின்று, வெள்ளியும் கறுப்புமாய் ஒரு பெரிய ரப்பர் மீனைத் தண்ணீருக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஆழப் பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர், படியைத் தேடாமல் சுவரிலேயே ஏறி வெளியே வந்தாராம். "பாத்தியோ தம்பி, என்ன உயிரோட்டம்!" என்றார் என்னிடம். கிழவரைச் சொல்கிறார் என்று நினைத்தேன். லூரைச் சொன்னார்.

எத்தனை தடவை எறிந்தார் என்று எண்ணுவதற்கு அன்ரியிடம் ஜெபமாலை. மாலையின் ஒரு மணிக்கு ஓர் எறி. பங்குத் தந்தை கேள்விப்பட்டு, பூசை முடிய அன்ரியை மறித்தார்.

"இது சரியோ, பிள்ளை?"

"ஃபாதர், ஒவ்வொரு எறிக்கும் மாதாவே எண்டு கூப்பிடுறன். கோயிலில நான் இவ்வளவு செபிக்கிறதில்லை."

ஃபாதர் குரலைத் தாழ்த்தி, "எந்த ஏரி?" என்று கேட்டாராம்.

கடைசியில் ஒரு செப்டெம்பர் சனிக்கிழமை நானும் மாட்டினேன். அன்ரியின் கணவரான அங்கிளுக்குத் தண்ணீர் என்றால் பயம். மத்தியானம் தின்னக் கொண்டுவந்த றோல்ஸ் பெட்டியோடு கரையில் இருந்துவிட்டார். வலை பிடிக்க ஆள் வேண்டும். "கண்ணால காணாட்டி நம்பமாட்டன்" என்று யூட் அடம்பிடித்ததால், அவருக்கு வீடியோவில் காட்டவும் ஆள் வேண்டும். இரண்டு ஆளும் நான்தான்.

சின்ன வாடகைப் படகு, மப்பு வானம். அந்தக் குடாவில் ஒரு பக்கம் அடர்ந்த பாசி, மறு பக்கம் தண்ணீருக்குள் விழுந்து கிடக்கும் மரங்கள். அன்ரி முதலில் கறுப்பு மயிர்க் குஞ்சமும் இரண்டு சுழலும் தகடும் வைத்த லூரை எடுத்தார். தூண்டில் தடியான ரொட்டை உயர்த்திப் பிடித்து, பாசியின் தலையை உரசியும் உரசாமலும் வேகமாக இழுத்தார். ஒன்றும் இல்லை. மரப் பக்கம் திரும்பியதும் லூரை மாற்றினார். இது மரத்தால் செய்த குண்டு மீன். முகத்தில் நீட்டிய ஒரு தகடு.

"ஏன் அன்ரி, மற்றது நல்லாத்தானே ஓடிச்சு?"

"அதை இங்க எறிஞ்சா மரத்தைத்தான் பிடிப்பம். இது மிதக்கிற சாமான். தகடு கொப்பில முட்டின உடன நிப்பாட்டவேணும். தானா மேல மிதந்து விலகும். பிறகு மெல்ல இழுக்கலாம். அவசரப்பட்டியோ, கொளுக்கி மரத்துக்குத்தான் சொந்தம்."

முட்டியது, நிறுத்தினார், மிதந்தது, இழுத்தார். இப்படியே இரண்டு மணித்தியாலம். ஜெபமாலை எத்தனையோ சுற்றுச் சுற்றிவிட்டது. ஒவ்வொரு முறையும் லூர் படகருகே வந்ததும் ரொட்டின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, பெரிதாக எட்டுப் போடுவார். பின்னால் வரும் மீன் திரும்பிப் போகாமல் இருக்க அந்த வித்தை. திடீரென்று அந்த எட்டுக்குப் பின்னால் ஒரு நிழல் வளைந்தது. பலகை ஒன்று மிதந்து வருகிறது என்று நினைத்தேன். பலகை வாயைத் திறந்தது.

"மாதாவே!" என்றார் அன்ரி. இம்முறை எண்ணுவதற்காக அல்ல.

மீன் மரத்தை நோக்கிப் பாய்ந்தது. படகு சரிந்தது. "உள்ள போக விடமாட்டன்!" என்று அன்ரி இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டார். நான் அவசரமாக வீடியோவில் அழைத்தேன். போனில் யூட், "நூலை இளக்கு! இளக்காத! இளக்கு!" என்று கத்தினார். கரையில் அங்கிள் றோல்ஸோடு எழுந்து நின்றார். நான் போனை லூர்ப் பெட்டியில் நிமிர்த்தி வைத்துவிட்டு, வலையை இரண்டு கையாலும் விட்டேன். மீன் உள்ளே வந்தது. நான் படகுக்கு வெளியே போகப் பார்த்தேன்.

அன்ரி மீனைத் தண்ணீருக்கு வெளியே எடுக்கவே இல்லை. வலைக்குள் வைத்தே நீளக் குறட்டால் கொளுக்கியைக் கழற்றினார். களைப்பு ஆறட்டும் என்று வாலடியை ஒரு கையால் பிடித்து வைத்திருந்தார். "போய்ட்டு வா" என்று மெதுவாகச் சொல்லிக் கையை எடுத்தார். அது போய்விட்டது.

"யூட், கண்டியோடா?"

போனை எடுத்துப் பார்த்தேன். திரையில் பெரிதாக என் முகம். தொடக்கத்தில் இருந்தே கமெரா என் பக்கம் திரும்பித்தான் இருந்திருக்கிறது.

"மீனைக் காணேல்லை, அக்கா" என்றார் யூட்.

அன்ரி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நாலு வருசம், தம்பி" என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்த மீனின் பின்னாலேயே போய்விடலாம் போல இருந்தது.

"ஆனா அக்கா," என்றது போன். "உந்தத் தம்பியின்ர முகத்தைக் கண்டனான். முப்பது வருசமா வள்ளத்தில ஆக்கள் பயப்பிடுறதைப் பாத்திட்டன். சின்ன மீனுக்கு ஒருத்தனும் உப்பிடி வாய் பிளக்கமாட்டான். பெரிய மீன்தான். அப்பா இருந்திருந்தா ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சிருப்பார்."

அன்ரி முகத்தை மறுபக்கம் திருப்பி, வலையை மடிப்பதுபோல நெடுநேரம் மடித்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு யூட், வாய் பிளந்த என் படத்தை ஊர் முழுவதும் அனுப்பிவிட்டார். பேசாலையில் இன்று அன்ரியின் மீனுக்கு அதுதான் அத்தாட்சி.

வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து வானில் ஏறும்போது, "நாளைக்கு வாறியோ?" என்று கேட்பார். எனக்கு மீன்பிடிப்பதில் கொஞ்சமும் விருப்பம் இல்லை. அவர் முழுவதும் கேட்டு முடிப்பதற்குள், "ஓம் அன்ரி" என்றுவிடுகிறேன்.