கசாப்பு டூலன் எங்கள் வீட்டில் விருந்துண்ட கதை

மதிப்பிற்குரிய மைத்துனர் லோவெல் அவர்களுக்கு, சட்டனூகாவிலிருந்து ஹார்லன் பிக்ஸ்பி வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை வெல்மாவும் சுகம். உங்கள் முதுகுவலியும் உங்களை விட்டுப் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

என் அறையில் சேர்த்துவைத்திருக்கும் பொம்மைகளையெல்லாம் சர்ச் விற்பனைக்குக் கொடுத்துவிட்டு, அந்த அறையில் நடைப்பயிற்சி மெஷின் வாங்கிப் போடச் சொல்லியிருந்தீர்கள். முதலில், அவை பொம்மைகள் அல்ல. பழைய மல்யுத்த வீரர்கள். ஒருவர்கூட அட்டையையும் பிளாஸ்டிக்கையும் விட்டு போன வாரம்வரை வெளியே வந்ததில்லை. பிரித்தால் மதிப்பே போயிற்று. இதை உங்கள் தங்கைக்குக் கல்யாணமான நாளிலிருந்து விளக்கி வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை வெல்மா போனில் வேறு மாதிரி சொல்லியிருப்பாள். உண்மை இதுதான். கசாப்பு டூலன் நினைவிருக்கிறதா? எதிராளியின் காதைக் கடிப்பாரே, அவரேதான். இப்போது எங்கள் ஊர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவருடைய உருவம் இருக்கும் அட்டையில் கையெழுத்து வாங்கிவிடலாமென்று விருந்துக்கு அழைத்தேன். கைத்தடியோடு வந்தார். வறுத்த கோழி, சோள ரொட்டி, பீன்ஸ் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வெல்மா சும்மா இருக்கக் கூடாதா?

"எங்கம்மா ஒரு தடவை மேட்ச் பாக்க வந்து உங்க மேல செருப்ப விட்டெறிஞ்சாங்க," என்றாள்.

"சிவப்புச் செருப்புங்களா அம்மா? நெத்தியிலயே பட்டுச்சு. நல்ல குறி," என்றார் அவர், தழும்பைத் தொட்டுக் காட்டி.

அதன்பின் இருவரும் சிரித்த சிரிப்பில் என்னை யாரும் கவனிக்கவில்லை. நானே அவரை அறைக்கு அழைத்துப் போனேன்; வெல்மாவும் பின்னாலேயே வந்தாள். சுவரில் தொங்கிய தன்னையே அவர் வெகுநேரம் பார்த்தார்.

"எவ்வளவு காலமா உள்ள இருக்கேன்?"

"வெளிவந்த வருஷத்துலேருந்து. காத்துகூடப் படல சார்," என்றேன், பெருமையாக.

"அடப்பாவமே. கம்பெனிக்காரன் எனக்கு ஒண்ணுகூடக் குடுக்கலப்பா. எம்பையன் கடை கடையா அலைஞ்சான், எல்லாம் தீர்ந்துபோச்சுன்னுட்டாங்க. இத நான் கையால தொட்டதே இல்ல."

மனம் இளகி, அட்டையை ஒரு கையிலும் வெள்ளிப் பேனாவை மறு கையிலும் கொடுத்தேன். பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அட்டையைக் கிழித்தார். மச்சான், அந்தச் சத்தம்! கைக்குழந்தையைப் போல அந்த உருவத்தை உள்ளங்கையில் படுக்கவைத்து, முதுகிலிருந்த விசையை அழுத்தினார். கை சடாரென்று மேலே போயிற்று.

"பாத்தீங்களா அம்மா, இவனுக்குத் தோள்வலியே இல்ல!" என்றார். அவர் கண்ணில் நீர்.

நான் நிலைகுலையவில்லை. சமையலறை ஃப்ரீசர்மேல் தலையைக் கவிழ்த்து அழுததாக வெல்மா சொல்வது மிகை. வெயில் புழுக்கத்துக்கு அதன் குளிர்ச்சியில் சற்றுச் சாய்ந்தேன், அவ்வளவுதான். "நீங்களே வச்சுக்கோங்க" என்று நானாகத்தான் சொன்னேன்.

ஆகவே தங்களுக்கு உறுதியாகத் தெரிவிப்பது என்னவென்றால், மற்ற வீரர்களை என் உயிருள்ளவரை யாரும் பிரிக்கப்போவதில்லை. அறை பூட்டியிருக்கிறது. மெஷினுக்கு இடமில்லை. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. உங்கள் தக்காளிச் செடிகள் நன்றாகக் காய்க்கட்டும்.

இப்படிக்கு,
தலைநிமிர்ந்து நிற்கும்,
ஹார்லன் பிக்ஸ்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் டூலன் மறுபடி வந்துவிட்டார், இல்லத்திலிருந்து இன்னும் இரண்டு பழைய வீரர்களோடு. மூவரும் தம் தம் எதிராளிகளின் உருவங்களைக் கேட்டார்கள்; பூட்டைத் திறந்தேன், ஒன்றுவிடாமல் பிரித்தாயிற்று. அட்டைகள் எல்லாம் குப்பை வண்டியில் போய்விட்டன. சாப்பாட்டு மேசைதான் களம், வெல்மா நடுவர். அவள் ஒருதலைப்பட்சமாக நடக்கிறாள். நீங்கள் அண்ணன், கண்டித்து எழுதுங்கள். அறை காலி, மெஷினை வாங்கிப் போடலாம். என் முறை வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.